ஸ்டெயின்லெஸ் கத்தியில் துருப்புள்ளி

மடக்குக் கத்தியை விரிக்கிறீர்கள். பிளேடில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருக்கும் எழுத்துக்குப் பக்கத்திலேயே கடுகு அளவில் ஒரு செம்பழுப்புப் புள்ளி. கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நல்ல கத்தியிலும் இது வரும். நன்றாக வெட்ட வேண்டும் என்பதற்காகவே, துருவுக்குக் கொஞ்சம் இடம்கொடுத்துத்தான் கத்தி எஃகைச் செய்கிறார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்குவது அடுத்து நடப்பதுதான். புள்ளியைக் கண்டதும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுக்கிறார்கள். பாத்ரூம் ஆசிட்டில் முக்குகிறார்கள். தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கொடுக்கிறார்கள். கொஞ்சம் ஆப்பசோடாவில் போயிருக்க வேண்டிய புள்ளிக்காக நல்ல பிளேடு ஒன்று வீணாகிறது. துருவை எடுப்பதற்கு வலு தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். மென்மையானதில் தொடங்கி, அதில் போகாவிட்டால் மட்டும் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னால், ஏன் துரு வருகிறது என்று பார்த்துவிடுவோம். காரணம் புரிந்தால் வைத்தியம் தானாகவே புரியும்.

வீட்டு எவர்சில்வர் டம்ளரும் தூக்குவாளியும் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கின்றன, துருப்பிடிப்பதில்லை. நல்ல பாத்திரங்களை 304 என்ற ரகத்தில் செய்கிறார்கள். அதில் 18 சதவீதம் அளவுக்குக் குரோமியம், 8 சதவீதம் அளவுக்கு நிக்கல். கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. அந்தக் குரோமியம் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலம் போடுகிறது. கனம் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் அது மறுபடி மூடிக்கொள்ளும். இப்படி ஒரு படலம் நிலைத்து நிற்க எஃகில் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும்.

ஆனால் 304-இல் கத்தி செய்தால் வெட்டாது. தீட்டிய கூர், ஒரு கேரட்டை நறுக்குவதற்குள் மழுங்கி மடங்கிவிடும். கூர் நிற்கக் கடினம் வேண்டும், எஃகுக்குக் கடினத்தைத் தருவது கார்பன். அதனால் மடக்குக் கத்திகளின் எஃகில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் கார்பன் சேர்க்கிறார்கள். 440சி என்ற பிரபலமான ரகத்தில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 16 முதல் 18 சதவீதம். எண்ணைப் பார்த்தால் பாத்திரத்துக்குச் சமமாகத்தான் தெரியும். ஆனால் கார்பன் சும்மா இருப்பதில்லை. குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்து கார்பைடு துகள்களாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. அப்படிக் கட்டுண்ட குரோமியம் படலம் போட வராது. மீதி இருப்பதை வைத்துத்தான் கத்தி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்துக்குக் கைகொடுக்கும் நிக்கலும் இதில் கிடையாது.

இந்த இழுபறி தொடக்கத்திலிருந்தே உண்டு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழல் உள்ளே அரித்துப் போவதைத் தடுக்க ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கலந்து உருக்கிய எஃகு, அமிலத்துக்கும் அசையாமல் நின்றது. கத்திக்கு ஊரெங்கும் பெயர்பெற்ற இடம் ஷெஃபீல்டு. அங்கே கத்திக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் செய்த முதல் கத்திகளில் கூர் நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த ஆள் என்று ஊரில் அவரைக் கேலி பேசினார்கள். எஃகை எவ்வளவு சூட்டில் அடிப்பது, எப்படிக் குளிர்விப்பது என்று பிடிபட்ட பிறகுதான் அது சரியானது. நூறு வருடம் கடந்தும் கூருக்கும் துருவுக்கும் நடுவிலான பேரம் முடிந்தபாடில்லை. உங்கள் பையில் இருக்கும் கத்தியும் அந்தப் பேரத்தில் ஏதோ ஒரு இடத்தில் நிற்கிறது.

இனி எதிரியைப் பார்ப்போம். வெறும் தண்ணீரை நல்ல கத்தி தாங்கிக்கொள்ளும். உப்பைத் தாங்காது. உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தில் பலவீனமான ஒரு இடத்தைப் பிடித்துத் துளைத்துவிடும். துளை விழுந்ததும் அதற்குள் ஆக்ஸிஜன் சரியாகப் போகாது, அதனால் படலம் மறுபடி மூடாது. குளோரைடு மேலும் மேலும் உள்ளே சேரும், உள்ளே இருக்கும் ஈரம் அமிலமாகும், குழி ஆழமாகும். வெளியே ஊசிமுனை அளவு. உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். சொத்தைப் பல் போலத்தான். கண்ட அன்றே கவனித்தால் சின்ன வேலை, விட்டால் பெரிய வேலை.

உப்பு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். கடற்கரையில் மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிய கத்தி. ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கியது. கருவாட்டை வெட்டியது. இது எதுவுமே இல்லாவிட்டாலும் வியர்வை போதும். பேன்ட் பாக்கெட்டில் தொடையோடு ஒட்டிக் கிடக்கும் கத்தி, மே மாதத்தில் உப்புத் தண்ணீரில் ஊறுகிற மாதிரிதான். பிளேடில் விரல்ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், கோடு கோடாக எண்ணிவிடலாம். கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குக் காற்றே உப்பைக் கொண்டுவந்து தடவும். அங்கே பளபளப்பான எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகளில்கூடத் தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்பு ஏறும்.

தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தப்பாவின் கத்தி அப்படி வந்ததுதான். சிவப்புப் பிடி, இரண்டு பிளேடு, மாலையில் தூண்டிலோடு போகும்போது பாக்கெட்டில் அது இல்லாமல் போகமாட்டார். “எல, ஸ்டெயின்லெஸ்னுல்லா போட்டிருக்கான், இங்க பாரு புள்ளி புள்ளியா. சாணைக்காரன்ட்ட குடுத்துருவோமா?” என்று நீட்டினார். “வேண்டாம் சித்தப்பா, குடுங்க, நான் பாக்கேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

வெயிலில் பிடித்துப் பார்த்தபோது புள்ளிகள் எங்கே இருந்தன என்பதே கதையைச் சொல்லிவிட்டது. பிளேடின் வழுவழுப்பான நடுப்பகுதி சுத்தம். நகத்தை வைத்துத் திறப்பதற்காக வெட்டியிருக்கும் பள்ளத்தில் துரு, பொறித்த எழுத்துகளுக்குள் துரு, பிளேடு பிடிக்குள் நுழையும் மூலையில் துரு. உப்பு எங்கே ஒளிய முடியுமோ அங்கெல்லாம். வழுவழுப்பான பரப்பில் உப்பு தங்காது, சொரசொரப்பில் தங்கும். கண்ணாடி போல் பாலிஷ் செய்த பிளேடு, மணல் வீசி மங்கலாக்கிய பிளேடைவிடத் துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

கை வைப்பதற்கு முன் அது துருதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாழைப்பூ, வாழைக்காய் நறுக்கினால் ஒட்டும் கறை கறுப்பும் பழுப்புமாக இருக்கும், சோப்புத் தண்ணீரிலோ கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றிலோ போய்விடும். துரு என்றால் ஈர வெள்ளைத் துணியில் துடைத்தால் ஆரஞ்சு நிறம் இறங்கும். இன்னொன்று, எல்லா மடக்குக் கத்தியும் ஸ்டெயின்லெஸ் அல்ல. பிரான்ஸின் ஓப்பினெல் கத்தி இரண்டு வகையிலும் வருகிறது, பிளேடிலேயே ‘கார்போன்’ அல்லது ‘இனாக்ஸ்’ என்று இருக்கும். கார்பன் பிளேடில் பழம் வெட்ட வெட்டப் படியும் நீலச் சாம்பல் நிறம் துரு அல்ல, அதற்கு ஒரு காவல். அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். செம்பழுப்பு மட்டும்தான் நம் பிரச்சினை.

வேலையைத் தொடங்கும்போது பிளேடை விரித்து, ஒரு மரப்பலகையின் மேல் படுக்கையாக வையுங்கள். பெரும்பாலான சிறிய மடக்குக் கத்திகளில் பூட்டு கிடையாது, அழுத்தினால் விரல்மேல் மடங்கும். கையில் பிடித்துக்கொண்டு தேய்க்கவே கூடாது. துடைப்பதும் தேய்ப்பதும் எப்போதும் முதுகிலிருந்து கூரை நோக்கி, அல்லது நீளவாக்கில். கூரிலிருந்து முதுகை நோக்கிப் போனால் துணியும் போகும், விரலும் போகும்.

முதல் படி வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். பலரும் இதைத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. துருவுக்கு அடியில் உப்பு இருக்கும்வரை மேலே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். பிடி பிளாஸ்டிக் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கத்தியை அமிழ்த்தி, பிளேடைப் பலமுறை விரித்து மடக்குங்கள். உள்ளே சேர்ந்த மண்ணும் உப்பும் பஞ்சும் வெளியே வரும். மரப்பிடி என்றால் அமிழ்த்தக் கூடாது. மரம் உப்பிக்கொண்டு பிளேடைக் கவ்விப் பிடிக்கும், ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும்.

அடுத்தது ஆப்பசோடா. சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பல் துலக்கும் பேஸ்ட் பதத்துக்குக் குழைத்து, புள்ளிமேல் வைத்துச் சற்று நேரம் விட்டு, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். சோடாத் துகள் எஃகைவிட மிக மென்மை, துருவை வழிக்கும், பிளேடைக் கீறாது. சித்தப்பா கத்தியின் நகப்பள்ளத்துக்குள் பிரஷ் நுழையவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, சோடாவைத் தொட்டுப் பள்ளத்தின் மூலையில் வைத்து விரல்நுனிகளுக்கு நடுவில் உருட்டினேன். வெள்ளைக் குழம்பு மெல்ல மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறமானது. பனியன் துணியால் ஒற்றி எடுத்து, சோடாவைப் புதிதாக வைத்து மறுபடி உருட்டினேன். குழம்பு வெள்ளையாகவே நின்றபோது பள்ளத்தின் அடிப்பாகம் ஈயம் போலச் சாம்பலாகத் தெரிந்தது. எழுத்துகளுக்கும் இதே குச்சிதான். ஈர்க்குச்சி எஃகைக் கீறாது, எந்த மூலைக்கும் போகும், முனை மழுங்கினால் இன்னொரு முறை சீவிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

இந்தப் படியிலேயே பெரும்பாலான புள்ளிகள் போய்விடும். போகாதவற்றுக்கு லேசான அமிலம் வேண்டும். வீட்டில் கேட்டால் எல்லோரும் புளியைச் சொல்வார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரிதான், ஆனால் நம் வீடுகளில் புளியை உப்புப் போட்டுத்தான் ஜாடியில் அடைத்து வைக்கிறோம். எந்த உப்பு குழி தோண்டியதோ அதையே மறுபடி தடவின மாதிரி ஆகும். எலுமிச்சையும் உப்புமாகச் சேர்த்துத் தேய்க்கச் சொல்லும் கைவைத்தியமும் இதனால்தான் கத்திக்கு ஆகாது. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் பொடி நல்லது. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 கிராம் போட்டால் ஐந்து சதவீதக் கரைசல். கத்தியை முக்க வேண்டாம். ஒரு துண்டுத் துணியை அதில் நனைத்துப் புள்ளியின் மேல் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை. தொழிற்சாலைகளிலும் ஸ்டெயின்லெஸ் பொருள்களுக்கு 4 முதல் 10 சதவீதம் வரை சிட்ரிக் அமிலக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தனி இரும்பை அது கரைத்துவிடும், குரோமியத்தைத் தொடாது, சுத்தமான பரப்பில் படலம் நன்றாக உருவாகும். ஆனால் கார்பன் அதிகமுள்ள கத்தி எஃகை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பிளேடே மங்கிச் சாம்பல் பூத்துவிடும். அருகில் இருந்து பார்த்துக்கொண்டே செய்யும் வேலை இது.

இன்னும் பிடிவாதமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் உண்டு. வெளிநாட்டில் பாத்திரக் கறை எடுக்கும் பொடிகள் சிலவற்றில் இதுதான் வேலை செய்கிறது. இரும்புத் துருவை நன்றாகப் பிடித்துக் கரைக்கும். ஆனால் அது விஷம். கையுறை போட்டு, பொடி மூக்கில் ஏறாமல், குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்து, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். பழம் நறுக்கும் கத்திக்கு அந்தப் படிவரை போகத் தேவைப்படுவது அபூர்வம்.

அமிலத்துக்குப் பிறகும் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கலாம். நகத்தால் தடவினால் சின்னதாகத் தட்டுப்படும். அது துரு அல்ல, துரு தின்ற இடம். அதை மறைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள எஃகைக் குழியின் ஆழம்வரை தேய்த்துக் குறைக்க வேண்டும். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள், 1000, 1500, 2000 என்று எண் ஏற ஏற மென்மை. ஒரு துண்டை அழிரப்பரில் சுற்றி, தண்ணீர் தொட்டு, பிளேடில் ஏற்கனவே இருக்கும் மெல்லிய கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் மட்டும் இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும், துருப்புள்ளியைவிட அசிங்கமாக இருக்கும். ஆனால் நான் இதைக் கூடியவரை செய்வதில்லை. துரு நீங்கிச் சுத்தமாக இருக்கும் கறுப்புப் பொட்டு கத்தியை ஒன்றும் செய்யாது. அழகுக்காக எஃகை இழக்க எனக்கு மனசு வராது. கூரின் ஓரத்திலேயே குழி விழுந்திருந்தால்தான் விஷயம் வேறு. அங்கே பொடிப் பல் போலக் கூர் உடையும். கல்லில் நிதானமாகத் தீட்டித்தான் அதைத் தாண்ட வேண்டும்.

கம்பி நார் ஏன் கூடாது என்றால், அது போடும் ஒவ்வொரு கீறலும் உப்புக்குப் புது வீடு. சாதாரண இரும்பு நாராக இருந்தால் இரும்புத் துணுக்குகளையும் பிளேடில் விட்டுப்போகும், அடுத்த வாரம் அவை தனியாகத் துருப்பிடிக்கும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடின் கொத்து. பிளீச்சிங் பவுடர் கரைசலும் அதே ஆபத்து. சாணைக்காரர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அரிவாள்மனைக்கும் பெரிய வெட்டுக்கத்திக்கும் அவரைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் தண்ணீரில்லாமல் சுழலும் கல்லில் மெல்லிய பிளேடு பொறி பறக்கச் சூடாகும். ஓரத்தில் வைக்கோல் நிறமோ நீலமோ ஏறினால், தொழிற்சாலையில் கொடுத்த கடினம் அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது திரும்ப வராது.

துரு போன பிறகு நன்றாகக் காயவைப்பது பாதி வேலை. துணியால் துடைத்துவிட்டு, பிளேடை விரித்தபடியே விசிறிக் காற்றில் வையுங்கள். பிளேடு சுழலும் ஆணியைச் சுற்றியுள்ள இடுக்கிலும் பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் பட்டையிலும்தான் ஈரம் கடைசிவரை ஒளிந்திருக்கும். பிறகு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சிலமுறை விரித்து மடக்கி, மிச்சத்தைப் பிளேடு முழுக்கப் படலமாகத் தடவிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பயன்படும் கத்தி என்பதால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் என் தேர்வு. கெடாது, ஒட்டாது, வாடை இல்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் பிசினாகி ஆணியை இறுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் கொடைக்கானல் குளிரில் உறைந்துபோய் பிளேடு திறக்காது. பிளாஸ்டிக் பிடியில் தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ பட்டுவிடக் கூடாது, சிலவகைப் பிடிகள் கரைந்தே போகும். கத்தியைத் தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறை வெளியே எடுத்துப் போவதற்கு மட்டும்.

சித்தப்பா கத்தியில் நகப்பள்ளத்து ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு மிச்சம், அதை அப்படியே விட்டுவிட்டேன். தூண்டில் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் விரித்துக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் மடக்க வேண்டும் என்று சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான். கடல் தண்ணீர் பட்ட பிளேடை ஈரத்தோடு மடக்கி ஒரு இரவு விட்டால், அதுவரை செய்தது எல்லாம் போச்சு.

படகில் போகிறவர்களும் தினமும் கடல்தண்ணீரில் கைநனைக்கிறவர்களும் வேறு எஃகையே பார்க்கலாம். கார்பனுக்குப் பதிலாகப் பெருமளவு நைட்ரஜனை வைத்துக் கடினமாக்கும் ரகங்கள் இப்போது வருகின்றன. எல்சி200என் அதில் ஒன்று. கார்பன் 0.3 சதவீதம் அளவில்தான், 15 சதவீதக் குரோமியத்தில் பெரும்பகுதி படலத்துக்கே மிச்சமாகிறது. கடல்நீரில் நனைந்தாலும் அவ்வளவு எளிதில் புள்ளி விழாது. விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. வாங்குவதாக இருந்தால் பிளேடு என்ன எஃகு என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள், ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒற்றை வார்த்தையோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.